கொதிகலன் விறகுக்கு மாந்தூர்கள்: எப்போது பிளப்பது, எப்படிக் காயவைத்து அடுக்குவது?

கேள்வி: போச்சம்பள்ளித் தோப்பு

வணக்கம். போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் தாத்தா காலத்தில் வைத்த பெங்களூரா மாந்தோப்பில், காய்ப்பு நின்றுபோன பழைய மரங்களை இந்தத் தை மாதம் வெட்டி எடுத்தோம். அடிமரங்களையும் பெருங்கிளைகளையும் வெட்டிய வியாபாரியே எடை போட்டு வாங்கிக்கொண்டார். ஜேசிபி வைத்துப் பிடுங்கிய தூர்களை மட்டும் அவர் தொடவில்லை. மண்ணையும் சேர்த்து எடை போட்டால் தமக்குக் கட்டுப்படியாகாது என்றும், ரம்பத்தில் வைத்தால் பல் போய்விடும் என்றும் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் வரப்போரத்தில் குவித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது அறுபதுக்கும் மேற்பட்ட மாந்தூர்கள், வேலியோரத்தில் நின்ற இரண்டு புளியமரங்களின் தூர்கள், நான்கைந்து தென்னந்தூர்கள் ஆகியவை செம்மண் ஒட்டியபடி ஒரே குவியலாகக் கிடக்கின்றன.

என் மைத்துனர் தருமபுரிக்கு அருகில் பட்டுக்கூடுகளை வேகவைத்து நூலெடுக்கும் கொட்டகை வைத்திருக்கிறார். அங்கே உள்ள சிறிய கொதிகலன் விறகில்தான் எரிகிறது. விறகுக்கு அவர் மாதந்தோறும் கொடுக்கும் தொகையைப் பார்க்கும்போது, இந்தத் தூர்களை வரப்பிலேயே வைத்துக் கொளுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். முழுத்தூராகவே ஒரு கோடை முழுவதும் காயப்போட்டுவிட்டுப் பிறகு பிளக்கலாம் என்கிறார் அப்பா. பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். சித்திரை மழைக்கு முன்பே தார்ப்பாய் போட்டு மூட வேண்டும் என்று ஒருவரும், மழையில் நனைந்தால்தான் மண் போகும் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எத்தனை மாதத்தில் இவை கொதிகலனில் போடும் பதத்துக்கு வரும், வந்துவிட்டது என்பதை எப்படி அறிவது என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: விறகுத்தொட்டி, கிருஷ்ணகிரி

பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வதே சரி. இந்த மாசி மாதத்திலேயே பிளந்துவிடுங்கள். அடிமரத்தில் நார் நேராக ஓடுவதால், காய்ந்த பிறகும் கோடாரி விழுந்த இடத்தில் வாய் பிளக்கும். தூரில் அப்படியில்லை. வேர்கள் நாலாபுறமும் பிரியும் இடத்தில் நார் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொண்டு போயிருக்கும். ஈரம் இருக்கும்வரை அது இணங்கும், காய்ந்துவிட்டால் ஆப்பு உள்ளே இறங்காமல் வெளியே தெறிக்கும். முழுத்தூராகக் காயவைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிப்புறம் இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் காய்ந்து வெடிப்புவிட்ட பிறகும், பட்டை மூடிய நடுப்பகுதி ஓர் ஆண்டு கழித்துக்கூடப் பச்சையாகவே இருக்கும்.

பிளப்பதற்கு முன் தூரைத் தலைகீழாகப் புரட்டி, வேர்ப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பக்க வேர்களைக் கழித்துவிட வேண்டும். பிறகு நடுவில் ஆப்பு வைக்காமல், இரண்டு பெரிய வேர்கள் பிரியும் பள்ளத்தில், ஓரத்திலிருந்து வைத்துச் சம்மட்டியால் அடித்தால், தூர் தன் போக்கிலேயே விட்டுக்கொடுக்கும். பெரிய தூர்களுக்கு ஆள் கூலி கட்டாது. ஜேசிபி மறுபடியும் தோட்டத்துக்கு வரும் நாளில், வாளியின் பல்லை அந்தப் பள்ளத்தில் வைத்து அழுத்தி இரண்டாகவோ நான்காகவோ உடைத்துத் தரச் சொல்லுங்கள். மிச்சத்தைக் கோடாரி பார்த்துக்கொள்ளும்.

ரம்பத்தை எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கோடாரியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு வேர்க்கவட்டிலும் தட்டிப் பாருங்கள். நம் பகுதி மண்ணில் வளர்ந்த மரம் கல்லை விழுங்காமல் இருக்காது. கவட்டில் சிக்கிய கல்லின்மேல் பட்டை மூடி வளர்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண முண்டு போலவே தெரியும். தட்டும்போது சத்தம் மாறுகிற இடத்தில் சங்கிலி ரம்பத்தை வைக்கக் கூடாது. பழைய மரம் என்பதால் வேலிக்கம்பியும் ஆணியும் உள்ளே புதைந்திருக்கவும் வாய்ப்புண்டு. பச்சை மாமரத்தின் பால் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும் என்பதால், வேலை செய்பவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது.

உளுத்துப்போன நடுப்பகுதியைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அது தண்ணீரைப் பஞ்சு போல் பிடித்து வைத்துக்கொள்ளுமே தவிர, எரிந்து பயன் தராது. உள்ளே விரல் தடிமனில் வெள்ளைப் புழு இருந்தால் அது பெரும்பாலும் தண்டுத்துளைப்பானாகத்தான் இருக்கும். பக்கத்தில் உயிருள்ள மாமரங்கள் இருக்குமானால், புழு உள்ள துண்டுகளை அன்றன்றே எரித்துவிட வேண்டும். சேமித்து வைத்தால் வண்டாக வெளியே வந்து அந்த மரங்களில் முட்டையிடும்.

பதில்: ஓசூர் கொதிகலன்

விறகின் ஈரம் கொதிகலனில் என்ன செய்கிறது என்பதைக் கணக்கோடு பார்த்தால், காயவைப்பதற்குப் படும் பாடு வீண் இல்லை என்பது விளங்கும். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1 டன் பச்சைத் தூரில் 500 கிலோ மரமும் 500 கிலோ தண்ணீரும் இருக்கின்றன. முற்றிலும் உலர்ந்த மரம் கிலோவுக்குச் சுமார் 18.5 மெகாஜூல் வெப்பம் தரும். ஆனால் ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்குவதற்குச் சுமார் 2.4 மெகாஜூல் செலவாகிவிடும். ஆகவே பச்சை விறகில் நமக்குக் கிடைப்பது கிலோவுக்கு 8 மெகாஜூல் அளவே. ஈரம் 20 விழுக்காட்டுக்கு இறங்கிய விறகு கிலோவுக்கு 14 மெகாஜூலுக்குச் சற்று மேல் தரும்.

இதில் பலர் ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். காய்ந்ததால் மரத்தில் வெப்பம் இரட்டிப்பாகிவிடவில்லை. அந்த 1 டன் பச்சைத் தூர், காய்ந்த பிறகு 625 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. மொத்த வெப்பத்தில் கூடுதலாகக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு அளவுதான். உண்மையான ஆதாயம் வேறு இடங்களில் இருக்கிறது. ஈர விறகில் தீப்பெட்டி, அதாவது கொதிகலனில் விறகு எரியும் அறை, சூடேறாமல், மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் எரியாமலேயே புகையாகப் புகைபோக்கி வழியே போய்விடும். குழாய்களில் தார் படிந்து வெப்பம் தண்ணீருக்குப் போவது குறையும். வண்டி வாடகையும் இருக்கிறது. தோப்பிலேயே காயவைத்து ஏற்றினால், டன்னுக்கு 375 கிலோ தண்ணீரைத் தருமபுரிவரை சுமந்து செல்ல வேண்டியதில்லை.

மண்ணைப் பற்றி வியாபாரி சொன்னதில் நியாயம் இருக்கிறது. பட்டை நீங்கிய நல்ல கட்டையில் சாம்பல் நூற்றுக்கு ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. செம்மண் ஒட்டிய தூரில் அது பல மடங்கு ஏறும். மண்ணில் உள்ள மணல், மரச்சாம்பலில் இருக்கும் பொட்டாசியத்தோடு சேரும்போது குறைந்த வெப்பத்திலேயே உருகி, விறகைத் தாங்கும் கம்பித்தட்டான கிராதியின்மேல் கண்ணாடி போன்ற கட்டியாக உறைகிறது. கொதிகலன் ஆட்கள் கிளிங்கர் என்று சொல்வது அதைத்தான். அது காற்று வரும் இடுக்குகளை அடைத்துவிட்டால், எவ்வளவு காய்ந்த விறகைப் போட்டாலும் புகையும்; கம்பியால் இடித்துத்தான் எடுக்க வேண்டும். தூர் விறகைப் பொறுத்தவரை, ஈரத்தைவிட மண்ணுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

பதில்: பென்னாகரம் மேட்டுக்காடு

மழை பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் பெய்யும் இடிமழையில் தூர்கள் நனையட்டும் என்பது என் கருத்து. பச்சை மரத்துக்குள் இருக்கும் ஈரமும், மழையில் மேலே படும் ஈரமும் ஒன்றல்ல. நார்களுக்குள் ஊறியிருக்கும் ஈரம் வெளியேற மாதங்கள் ஆகும்; மேலே பட்ட மழை ஈரம் நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆனால் அந்த மழை, கைக்கு எட்டாத வேர்ச்சந்துகளில் இருக்கும் மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். பின்லாந்திலும் சுவீடனிலும் ஊசியிலை மரத் தூர்களை மின் நிலையங்களுக்கு எரிபொருளாக எடுக்கும்போது, பிடுங்கியவுடனேயே பிளந்து, வெட்டிய இடத்திலேயே சிறு சிறு குவியல்களாக மழையிலும் காற்றிலும் விட்டுவிடுகிறார்கள். மண் உதிர்ந்து ஈரமும் குறைந்த பிறகே சாலையோரத்துக்குக் கொண்டுவந்து உயரமாக அடுக்குகிறார்கள். அங்கே அந்த வேலையைச் செய்யும் கோடை குளிர்ந்தது. நமக்குப் பங்குனி வெயிலும் ஆடிக்காற்றும் இருக்கும்போது அதைவிட விரைவாகவே காரியம் முடியும்.

எனவே என் யோசனை இதுதான். மாசியில் பிளந்த துண்டுகளை, பங்குனி முடியும்வரை ஒற்றை வரிசையாகப் பரப்பி வையுங்கள். செம்மண் காய்ந்ததும் பொடிந்து உதிரத் தொடங்கும். அப்போது இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று மோதினாலே பெரும்பகுதி விழுந்துவிடும். களிமண் நிலமாக இருந்திருந்தால் இவ்வளவு எளிதாக இருக்காது. கோடை மழை இரண்டு மூன்று பெய்து ஓய்ந்த பிறகு, வைகாசிக் கடைசியில் அடுக்குங்கள். நமக்கு உண்மையில் ஆபத்தான காலம் ஆவணியிலிருந்து ஐப்பசி வரைதான். அப்போது பெய்வது விட்டு விட்டுப் பல நாள் பெய்யும் மழை. அடுக்கின் நடுப்பகுதிக்கு ஈரம் இறங்கினால் காய வழியிருக்காது, பூஞ்சை பிடிக்கும். மேல்மூடி அதற்கு முன் தயாராக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் இயந்திரத்தில் போட்டுச் சிதைத்துச் சிறு சில்லுகளாகச் சேமித்தால் இடம் மிச்சம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஈரச் சில்லுகளைக் குவித்தால் உள்ளே காற்று போகாது. நுண்ணுயிர்கள் பெருகிக் குவியல் தானே சூடேறும், மரத்தின் சத்தும் குறையும். துண்டாக இருக்கும்வரைதான் தூர் கெடாமல் இருக்கும்.

தென்னந்தூர்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவற்றின் வேர்கள் கற்றையாக மண்ணைப் பிடித்திருக்கும், கழுவினாலும் போகாது. எரிப்பதற்கும் உகந்தவை அல்ல. மட்கத் தொடங்கிய தென்னங்கட்டைக்குள் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பக்கத்தில் யாருடைய தென்னந்தோப்பு இருந்தாலும் அவர் உங்களைத்தான் குறை சொல்வார். அவற்றை உடைத்து, நன்றாகக் காயவைத்து, அங்கேயே எரித்துச் சாம்பலை நிலத்தில் போட்டுவிடுவது உத்தமம்.

கேள்வி கேட்டவர்: போச்சம்பள்ளித் தோப்பு

அனைவருக்கும் நன்றி. நாளை மறுநாள் ஜேசிபிக்குச் சொல்லியிருக்கிறேன். பிளந்துவிடலாம் என்று அப்பாவும் ஒப்புக்கொண்டுவிட்டார். இன்னும் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. முதலாவது, அடுக்கும் இடம். களத்துமேட்டில் வெட்டவெளி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகையை ஒட்டி, சிமென்ட் ஓடு வேய்ந்த பழைய சாய்ப்பும் காலியாக இருக்கிறது. சாய்ப்பில் நனையாது என்பதால் அதுவே நல்லது என்று நினைக்கிறேன். இரண்டாவது, 20 விழுக்காடு ஈரம் என்று சொல்கிறீர்களே, அதை நாங்கள் எப்படி அளப்பது? இணையத்தில் விற்கும் இரண்டு முள் வைத்த கருவி போதுமா?

பதில்: அரூர்ப் புளியந்தோப்பு

களத்துமேடுதான் சரியான இடம். விறகைக் காயவைப்பதில் வெயிலுக்குப் பாதிப் பங்கு என்றால் காற்றுக்கு மீதிப் பங்கு உண்டு. மூன்று பக்கம் சுவர் உள்ள சாய்ப்பில் முழுதும் காயாத தூரை அடுக்கினால், நனையாமல் இருக்கும், ஆனால் காயவும் காயாது. அதுவும் மாட்டுக்கொட்டகையின் ஈரக்காற்று பக்கத்திலேயே இருக்கும்போது. காய்ந்து முடிந்த விறகை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ள அந்தச் சாய்ப்பைப் பயன்படுத்துங்கள்.

ஆனி, ஆடியில் நமக்கு மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து காற்று வீசுகிறது. அடுக்கின் நீண்ட பக்கம் அந்தக் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும்படி, ஏறத்தாழ வடக்குத் தெற்காக நீட்டி அடுக்குங்கள். அகலம் நான்கு அடியையும் உயரம் ஐந்து அடியையும் தாண்ட வேண்டாம். தூர்த்துண்டுகள் கோணல் மாணலாக இருப்பதால் அடிமர விறகு போல் இடுக்கில்லாமல் அமராது. காயவைப்பதற்கு அது நமக்குச் சாதகம். ஆனால் சரிந்து விழும் என்பதால், இரண்டு முனைகளிலும் முளை அடித்துக்கொள்ள வேண்டும்.

அடிப்பாகத்துக்குக் கல்கம்பங்களைப் போடுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேலிக்கு நட்டு உடைந்த கல்கம்பம் இல்லாத தோட்டம் ஏது? தரையிலிருந்து முக்கால் அடியாவது உயரம் இருந்தால் அடியில் காற்று ஓடும், மழைத்தண்ணீர் தெறிக்காது. கரையான் கல்லின்மேல் ஏறாது என்று நம்பிவிட வேண்டாம். அது மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறும். ஆனால் கல்லின்மேல் கட்டினால் கண்ணுக்குத் தெரியும், வாரத்துக்கொரு முறை துடைப்பத்தால் தட்டிவிட்டால் போதும். அடுக்கைச் சுற்றிப் புல் முளைக்காமல் செதுக்கி வையுங்கள். கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் விறகு அடுக்கைத் தேடி வருவது நம் பகுதியில் புதிதல்ல. அடியில் இடைவெளி இருந்தால் குனிந்து பார்த்துவிட்டு வேலை செய்யலாம். விறகை இருட்டிய பிறகு உருவக் கூடாது என்பதை வேலையாட்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தார்ப்பாயை ஆடி முடிவில் போட்டால் போதும். அதையும் மேலே மட்டும், பக்கவாட்டில் ஒரு சாண் தொங்கும் அளவுக்கு விட்டு, கல் வைத்துக் கட்டுங்கள். அடுக்கை முழுவதும் சுற்றி மூடிவிட்டால், உள்ளே கிளம்பும் ஈரம் தார்ப்பாயின் உட்புறத்தில் வேர்த்து மறுபடியும் விறகின் மேலேயே சொட்டும். பழைய தகரம் இருந்தால் தார்ப்பாயைவிட நல்லது.

முள் வைத்த கருவி போதும், ஆனால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். துண்டின் வெளிப்புறத்தில் குத்தினால் அது காட்டும் எண்ணால் பயனில்லை. அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்து, அப்போதே பிளந்து, புதிதாகத் தெரியும் உட்புறத்தில் குத்த வேண்டும். மேலும் இந்தக் கருவிகள் பெரும்பாலும் உலர்மரத்தின் எடையை அடிப்படையாக வைத்தே ஈரத்தைக் காட்டும். ஓசூர் நண்பர் சொன்னது மொத்த எடையை வைத்து. அவருடைய 20 விழுக்காடு என்பது கருவியில் 25 என்று தெரியும்.

கருவியே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. உங்கள் மைத்துனரிடம் கூடுகளை உலர்த்தும் வெப்பக்காற்று அறை இருந்தால், ஒரு துண்டின் நடுப்பகுதியிலிருந்து அறுத்த அரைக்கிலோ சிறாய்களை எடை போட்டு, 105 பாகை செல்சியஸ் அளவில் எடை மேலும் குறையாத வரை உள்ளே வைத்து, மறுபடியும் எடை போடுங்கள். குறைந்த எடையை முதல் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரத்தின் விழுக்காடு கிடைத்துவிடும். அரைக்கிலோ 400 கிராம் ஆனால் நீங்கள் நினைத்த பதம்தான். அன்றாடம் பார்ப்பதற்கு இவ்வளவு தேவையில்லை: நடுத்தரமான ஒரு துண்டில் சாயக் குறி இட்டு, மாதம் ஒரு முறை அதே துண்டை எடை போட்டு வாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் அதற்குமேல் அது காயப்போவதில்லை. ஆறு விரற்கடைக்கு மேல் தடிமன் இல்லாமல் பிளந்திருந்தால், மாசியில் தொடங்கிய மாந்தூர் ஆடிக்குள் பதத்துக்கு வந்துவிடும் என்பது என் கணிப்பு. புளியந்தூர் வைரம் பாய்ந்தது, கனமானது. அதை அடுத்த கோடைவரை விட்டுவைப்பது நல்லது.

இன்னொன்று. தூர் பிடுங்கிய இடத்தில் தப்பித்தவறிச் சந்தன வேர் ஏதாவது அகப்பட்டிருந்தால், அதைத் தொடாமல் முதலில் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். மற்றவற்றுக்கும்கூட, தமிழ்நாட்டில் மரம் ஏற்றிச் செல்வதற்கு 1968ஆம் ஆண்டிலிருந்தே விதிகள் இருப்பதால், வண்டி மாவட்டம் தாண்டுவதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பதில்: பட்டுநூல் கொட்டகை, பாலக்கோடு

நூலெடுக்கும் தொழிலில் இருப்பதால் உங்கள் மைத்துனரின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். கூடு வேகவைக்கும் தண்ணீரின் சூடு சீராக இருக்க வேண்டும். சூடு இறங்கினால் கூடு அரைவேக்காடாக நின்று, நூல் அடிக்கடி அறுகிறது. ஏறினால் கூடு குழைந்து கழிவு அதிகமாகிறது. ஆகவே எங்களுக்கு விறகின் விலையைவிட, ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் வித்தியாசம் இல்லாமல் எரிவதே முக்கியம். காய்ந்த துண்டையும் காயாத துண்டையும் ஒரே வண்டியில் கலந்து அனுப்பினால், தீப்பெட்டி முன்னால் நிற்பவருக்கு அன்று முழுவதும் வேறு வேலை ஓடாது.

மாந்தூர் சுறுசுறுப்பாகப் பிடித்து எரிந்துவிடும். காலையில் ஆவி ஏற்றுவதற்கு அது போதும். புளியந்தூர் மெதுவாகப் பிடித்தாலும் தணல் நெடுநேரம் நிற்கும் என்பதால், வேலை ஓடத் தொடங்கிய பிறகு போட ஏற்றது. இரண்டையும் தனித்தனி அடுக்காக வைத்து, தனித்தனியாகவே ஏற்றி அனுப்புங்கள். துண்டின் நீளத்தை இப்போதே மைத்துனரிடம் கேட்டு, தீப்பெட்டியின் வாய்க்குத் தகுந்தபடி அறுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு தூரை அறுப்பதற்கு இங்கே யாரும் முன்வருவதில்லை. ஆடியில் முதல் வண்டியை அரை டன்னுக்கு மிகாமல் அனுப்பி, ஒரு வாரம் எரித்துப் பார்த்து, கிராதியில் எவ்வளவு கட்டி பிடிக்கிறது என்று அவர் சொன்ன பிறகு மற்றதை ஏற்றலாம். கட்டி அதிகம் என்றால் அந்தத் துண்டுகளை இன்னொரு மழைக்கு வெளியே விட்டுவைக்க அப்போதும் நேரம் இருக்கும்.